பயாஸில் எதை அணைக்கலாம், அணைத்தபின் எது மக்கர் செய்யும்

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் மில். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது. "ஏனுங் தம்பி, தராசு ஊமையாயிருச்சுங்க. கொப்பரை லோடு ரெண்டு வெளிய நிக்குது, வெரசலா வந்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தால் எடைமேடை இண்டிகேட்டரில் எண் ஓடுகிறது, கம்ப்யூட்டர் திரையில் மட்டும் சுழியம். கேபிளை ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள், வேறு கேபிள் போட்டும் பார்த்திருக்கிறார்கள். பேச்சு கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் பேரன் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான். "அப்புச்சி, இதில் தேவையில்லாததெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு" என்று பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், நுழைந்து, சும்மா இருப்பதாகப் பட்டதையெல்லாம் அணைத்துவிட்டு மாலை பஸ் ஏறிவிட்டான். தராசு பேசும் சீரியல் போர்ட்டும் அதில் போய்விட்டது. பையனைத் திட்ட முடியாது. அந்த ஒன்பது முள் சாக்கெட்டை அவன் லேப்டாப்பில் பார்த்தே இருக்க மாட்டான்.

அணைக்கும் வேலையே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் அடிக்கடி அணைக்கிறேன், ஆனால் வேகத்துக்காக இல்லை. 1984-இல் வந்த பிசி ஏடி காலத்து அமைப்பில் பாகங்கள் பிராசசரைக் கூப்பிடும் ஐ.ஆர்.க்யூ. என்ற அழைப்பு எண்கள் மொத்தம் 16. அதிலும் ஓர் எண், இரண்டு சிப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கே போய்விடும். சவுண்டு கார்டு, மோடம், பிரிண்டர் எல்லாம் மீதியைப் பிடிக்க அடித்துக்கொள்ளும். அன்றைக்கு இரண்டாவது காம் போர்ட்டை (சீரியல் போர்ட்டின் இன்னொரு பெயர்) அணைத்தால் மோடத்துக்கு இடம் கிடைத்தது. இன்றைய மதர்போர்டில் அந்த இடநெருக்கடி கிடையாது. ஆன்போர்டு சவுண்டை அணைத்தால் டேலி வேகமாக ஓடாது. ஆன் ஆகும்போது இரண்டு மூன்று வினாடி மிஞ்சினால் உண்டு. இன்றைக்கு அணைப்பதற்கு எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்தான்: அந்தப் பாகம் செத்துப்போய் மற்றதையும் இழுக்கிறது, புதிதாகப் போட்ட கார்டோடு மோதுகிறது, அல்லது அலுவலகத்தில் வைஃபை, புளூடூத் இருக்கக் கூடாது என்று முதலாளி சொல்கிறார்.

உள்ளே போகும் முன்

ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 தட்டினால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் திறக்கும். எச்பி டெஸ்க்டாப் என்றால் எஃப்10. பழைய அவார்டு பயாஸில் நமக்கு வேண்டியது "இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்" பக்கத்தில் இருக்கும். புதிய போர்டுகளில் "அட்வான்ஸ்டு" மெனுவுக்குள் "ஆன்போர்டு டிவைசஸ்", "சூப்பர் ஐ.ஓ.", "சாட்டா", "யூஎஸ்பி" என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பாதி நாளைத் தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும் அணையுங்கள், சேமித்து விண்டோஸ் வரை போய்ப் பாருங்கள், பிறகு அடுத்தது. அந்த மெஷினில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த ஓட்டையில் எது மாட்டியிருக்கிறது, மாதம் ஒருமுறை எது மாட்டுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கோளாறு பயாஸிலா விண்டோஸிலா என்று பிரிக்க, விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜர் போதும். பாகத்தின் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் விண்டோஸுக்குள் யாரோ அணைத்திருக்கிறார்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவரையோ பாகத்தையோ சந்தேகப்படுங்கள். பட்டியலிலேயே காணோம் என்றால், பயாஸில் அணைந்திருக்கிறது அல்லது பாகம் செத்துவிட்டது. விண்டோஸில் அணைத்த பாகம் மறுபடி விண்டோஸ் போட்டதும் எழுந்துவிடும். பயாஸில் அணைத்தது விண்டோஸ் கண்ணிலேயே படாது.

எடைமேடை, தராசு, பழைய மெஷின் பேசவில்லை

நம் பக்கத்தில் அதிகம் வரும் கோளாறு இது. ஈரோட்டு மஞ்சள் குடோனில் இருந்து நூல் மில் வரை இண்டிகேட்டர்கள் பலவும் இன்னும் ஆர்.எஸ்.232 என்ற சீரியல் முறையில்தான் பேசுகின்றன. டிவைஸ் மேனேஜரில் "போர்ட்ஸ்" என்ற தலைப்பே இல்லையென்றால் நேராக பயாஸுக்குப் போங்கள். சூப்பர் ஐ.ஓ. பக்கத்தில் "சீரியல் போர்ட் 1" எனேபிள்டு ஆக இருக்க வேண்டும், முகவரி 3எஃப்8, ஐ.ஆர்.க்யூ. 4. ஆட்டோ என்று விட்டாலும் பொதுவாக இதையே எடுத்துக்கொள்ளும். காங்கேயத்தில் அது ஒன்றைத் திருப்பி வைத்ததும் தராசு பேசிவிட்டது. டீ வருவதற்குள் வேலை முடிந்தது.

போர்ட் இருக்கிறது, ஆனாலும் எடை வரவில்லையா? பில்லிங் மென்பொருளை மூடிவிட்டுப் புட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சீரியல், காம்1, இண்டிகேட்டரில் உள்ள அதே பாட் வேகம் (எழுத்து அனுப்பும் வேகம்) என்று கொடுங்கள். 9600 என்று நிறைய இருக்கும், பழையதில் 2400-உம் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் ஓடினால் போர்ட் நன்றாக இருக்கிறது, மென்பொருளின் அமைப்பைப் பாருங்கள். குப்பை எழுத்தாக வந்தால் வேகம் பொருந்தவில்லை.

ஒன்றுமே வராவிட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து ஒன்பது முள் சாக்கெட்டில் 2-ஆம் முள்ளையும் 3-ஆம் முள்ளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை "நன்" என்று வைத்து ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வந்தால் போர்ட்டுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு கேபிளிலோ இண்டிகேட்டரிலோ. வரவில்லையென்றால் போர்ட் போய்விட்டது.

போன போர்ட்டை பயாஸில் அணைத்துவிடுவதுதான் சரி. யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் போட்டால் அது காம்3, காம்5 என்று ஏதாவது எண்ணில் வந்து உட்காரும். பழைய எடை மென்பொருள் காம்1, காம்2 தவிர வேறெதையும் கேட்காது. ஆன்போர்டு போர்ட்டை அணைத்தபின், டிவைஸ் மேனேஜரில் கன்வெர்ட்டரின் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு வரை போய்க் காம்1 என்று எண்ணை மாற்றிவிடுங்கள். "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று முரண்டு பிடித்தால், வியூ மெனுவில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய காம்1-ஐ நீக்குங்கள். கன்வெர்ட்டரை அதன்பின் அதே யூஎஸ்பி ஓட்டையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுவேன்.

சில புதிய போர்டுகளில் பின்பக்கம் சாக்கெட் இருக்காது. ஆனால் போர்டின் மேல் "காம்" என்று எழுதிய முள் வரிசை இருக்கும். சின்னப் பட்டையோடு வரும் சாக்கெட்டை வாங்கி மாட்டினால் போதும். கன்வெர்ட்டரைவிட இது தேவலை.

பேரலல் போர்ட்டும் இதே கதைதான். திருப்பூரில் எம்பிராய்டரி டிசைன் போடும் பழைய மெஷின்களில் பூட்டு டாங்கிள் அந்த இருபத்தைந்து துளை சாக்கெட்டில் தொங்கும். பிரிண்டர் இல்லையே என்று எல்.பி.டி.-ஐ (பயாஸில் பேரலல் போர்ட்டின் பெயர்) அணைத்தால் மென்பொருள் திறக்காது. போர்ட் இருந்தும் டாங்கிளைக் காணோம் என்றால் மோடை இ.சி.பி.-யிலிருந்து எஸ்.பி.பி.-க்கோ இ.பி.பி.-க்கோ மாற்றிப் பாருங்கள்.

இடி மழைக்கு அடுத்த நாள் நெட்வொர்க் இல்லை

சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடு இறங்கும்போதே மறுநாள் எத்தனை போன் வரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். விசைத்தறிக் கூடத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவே வெட்டவெளியில் லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினாலும் அந்தச் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து ஸ்விட்சையும் மதர்போர்டின் லேன் சிப்பையும் எடுத்துவிடும்.

முதலில் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகுங்கள். அதிலும் வராவிட்டால் கேபிளையோ ஸ்விட்ச் போர்ட்டையோதான் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். லேப்டாப்பில் வந்தால் கம்ப்யூட்டரை நிறுத்தி, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கம்ப்யூட்டர் நின்றிருந்தாலும் லேன் சிப்புக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சிப் மயங்கிக் கிடந்தால் இதில் எழுந்துவிடும். பத்து நிமிடத்தில் லேன் கார்டு விற்கக் கிளம்புகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

எழவில்லையா, கேபிள் மாட்டியிருந்தும் "கேபிள் செருகப்படவில்லை" என்கிறதா, டிவைஸ் மேனேஜரில் "கோடு 10" காட்டுகிறதா, விண்டோஸ் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறதா? சரி, பயாஸில் "ஆன்போர்டு லேன் கன்ட்ரோலர்" டிசேபிள்டு. லோகோவில் நின்ற மெஷின் அதன்பின் சாதாரணமாக மேலே போனால் சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டலாம். ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு போட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று. சில மென்பொருள்களின் லைசென்ஸ், லேன் சிப்பின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். ஆன்போர்டு லேனை அணைத்ததும் அந்த முகவரி மறைந்து, மென்பொருள் "இது வேறு கம்ப்யூட்டர்" என்று நிற்கும். ரூட்டரில் அந்த முகவரிக்கு நிரந்தர ஐ.பி. ஒதுக்கியிருந்தால் அதுவும் மாறும், அந்த ஐ.பி.-ஐத் தேடும் பிரிண்டர்களும் ஷேர் ஃபோல்டர்களும் தொலையும். அணைக்கும் முன் பழைய முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்குக் கட்டடம் போகும் கேபிளை ஃபைபராக மாற்றச் சொல்லி நானும் வருஷாவருஷம் சொல்கிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது. மாற்றியவர்களிடமிருந்து கோடை மழைக்குப் போன் வருவதில்லை.

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "பி.எக்ஸ்.இ." என்று நிற்கிறது

"பி.எக்ஸ்.இ. இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று வந்தால் பலரும் லேன் கேபிளைத் தேடுவார்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக பூட் ஆக முயல்கிறது, அவ்வளவுதான். பத்து வினாடி நின்றுவிட்டு விண்டோஸ் வந்தால் பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கிறது. "லேன் ஆப்ஷன் ரோம்" அல்லது "நெட்வொர்க் ஸ்டாக்" என்பதை அணைத்தால் தொல்லை தீரும், லேன் வழக்கம்போல வேலை செய்யும்.

விண்டோஸே வராவிட்டால் இதை அணைத்துப் பயனில்லை. ஹார்டு டிஸ்க்கைக் காணாததால்தான் அது நெட்வொர்க் வரை போயிருக்கிறது. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் டிஸ்க்கின் பவர் கேபிளையும் கழற்றி மாட்டிவிட்டு, பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள்.

தினமும் காலையில் எஃப்1 கேட்கிறது, அணைத்ததெல்லாம் திரும்பி வருகிறது

பேட்டரி. போர்டின் மேல் காசு மாதிரி இருக்கும் சி.ஆர்.2032, 3 வோல்ட். இரவு மெயின் ஸ்விட்சை அணைக்கும் கம்பெனிகளில் இது சீக்கிரம் தெரிந்துவிடும். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

பேட்டரி தீர்ந்தால் பயாஸ் ஆரம்ப அமைப்புக்குப் போய்விடும். நீங்கள் அணைத்த செத்த லேன் சிப் உயிர்த்தெழுந்து மறுபடி மெஷினைத் தொங்கவிடும். பழைய அவார்டு பயாஸில், இல்லாத டிரைவைத் தேடி "ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில் 40" என்று நிற்கும். அதற்கு டிரைவ் ஏ-யை "நன்" ஆக்கி ஃபிளாப்பி கன்ட்ரோலரையும் அணைக்கலாம், ஆனால் பேட்டரியை மாற்றாமல் செய்தால் நாளைக் காலையும் அதே கதைதான். தேதியும் பின்னால் ஓடிவிடும். அப்போது பிரவுசர் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஜி.எஸ்.டி. தளத்தையோ இ-வே பில் தளத்தையோ திறக்க மறுக்கும். இணையக் கோளாறு என்று நினைத்து ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து கொண்டிருப்பார்கள். வலது மூலைக் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு போட்டபின் படம் வரவில்லை

பத்தில் பாதி, மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டு ஓட்டையிலேயே இருக்கும். கார்டின் ஓட்டைக்கு மாற்றுங்கள். அதிலும் வராவிட்டால் கார்டைக் கழற்றி, ஆன்போர்டு வழியாக உள்ளே போய் "பிரைமரி டிஸ்ப்ளே" என்பதை பெக் (கார்டு செருகும் ஓட்டை) என்று வைத்து மறுபடி முயலுங்கள். பிராசசர் பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் என்றால், உதாரணத்துக்கு ஐ5 10400எஃப், அதில் ஆன்போர்டு படமே கிடையாது. அதில் கார்டைக் கழற்றிச் சோதிக்க வழியில்லை.

இரண்டு மானிட்டர், ஒன்று கார்டில் ஒன்று போர்டில் வேண்டும் என்றால் "மல்டி மானிட்டர்" அமைப்பை எனேபிள் செய்யுங்கள். 4 ஜி.பி. ராம் போட்டும் குறைவாகக் காட்டுகிறது என்று கேட்பவர்களுக்கு: ஆன்போர்டு கிராபிக்ஸ் தன் பங்கை ராமில் இருந்து எடுத்துக்கொள்கிறது. கார்டு இருக்கும் மெஷினில் ஆன்போர்டை அணைத்தால் அது திரும்பும்.

டிஸ்க் காணோம், அல்லது நீலத் திரை

சாட்டா மோடை யாராவது ஏ.ஹெச்.சி.ஐ.-யிலிருந்து ஐ.டி.இ.-க்கோ ரெய்டுக்கோ மாற்றினால் விண்டோஸ் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பதறி விண்டோஸை மறுபடி போடாதீர்கள். மோடைப் பழையபடி வைத்தால் வந்துவிடும். படம் எடுத்து வைக்கச் சொன்னது முக்கியமாக இதற்குத்தான்.

போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 டிஸ்க் போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் மறைந்ததா? பல போர்டுகளில் எம்.2 ஓட்டையும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. மேனுவலில் அட்டவணை இருக்கும். கேபிளை வேறு சாட்டா ஓட்டைக்கு மாற்றினால் போதும்.

பயாஸுக்குள் போக கீபோர்டு வேலை செய்யவில்லை

"லெகசி யூஎஸ்பி" அணைந்திருந்தால் விண்டோஸில் வேலை செய்யும் கீபோர்டு அதற்கு முன் ஊமையாக இருக்கும். யூஎஸ்பி கன்ட்ரோலரையே அணைத்திருந்தால் எங்கும் வேலை செய்யாது. உருண்டை முனை பி.எஸ்.2 கீபோர்டு ஒன்றை நான் பையிலேயே வைத்திருக்கிறேன். மெஷினை நிறுத்திவிட்டுச் செருகுங்கள், ஓடும்போது வேண்டாம்.

கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகிறது

"ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்" என்பதை "பவர் ஆஃப்" ஆக்குங்கள். கரண்ட் விட்டு விட்டு வரும் நேரத்தில் மெஷின் அதோடு சேர்ந்து ஆடுவது டிஸ்க்குக்கு நல்லதில்லை. சிசிடிவி பதிவு செய்யும் மெஷினில் மட்டும் "பவர் ஆன்" இருக்கட்டும். நள்ளிரவில் ஸ்லீப்பிலிருந்து எழுந்தால், நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேனைப் பாருங்கள்.

நடுவில் தானே அணைந்துபோனால் பயாஸ் அமைப்புகளைத் துழாவ வேண்டாம். பனியன் கம்பெனி கட்டிங் ஹாலில் இருக்கும் மெஷின் என்றால் பிராசசர் ஃபேனில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். ப்ளோயர் எடுங்கள்.

சவுண்டு வரவில்லை

ஹெச்டி ஆடியோ எனேபிள்டு தானா பாருங்கள். பின்பக்கம் சத்தம் வந்து முன்பக்க ஹெட்போன் ஓட்டையில் மட்டும் வராவிட்டால் "ஃபிரண்ட் பேனல் டைப்" ஏசி97-இல் நிற்கும். ஹெச்டி ஆக்குங்கள்.

கை வைக்க வேண்டாத ஒன்று

டி.பி.எம்., அதாவது சாவிகளைப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பாகம். இன்டெல்லில் பி.டி.டி., ஏஎம்டியில் எஃப்.டி.பி.எம். என்று இருக்கும். சும்மா இருப்பதுபோலத் தெரியும். அணைத்தால் பிட்லாக்கரால் டிஸ்க்கைப் பூட்டிய மெஷின் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை எங்கே வைத்தோம் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. விண்டோஸ் 11-க்கும் டி.பி.எம். 2.0 வேண்டும்.

எதையோ மாற்றினேன், இப்போது திரையே வரவில்லை

பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பேட்டரி அருகே "சி.எல்.ஆர். சிமாஸ்", "ஜேபேட்1" என்று எழுதிய இரண்டு அல்லது மூன்று முள் இருக்கும். இரண்டு முள் என்றால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து வினாடி தொட்டுப் பிடியுங்கள். மூன்று முள் என்றால் முள்ளின் மேல் செருகியிருக்கும் சின்னத் தொப்பியைப் பக்கத்து ஜோடிக்கு மாற்றி, பத்து வினாடி கழித்துப் பழைய இடத்தில் வையுங்கள். முள்ளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் ஆறவிட்டு மாட்டுங்கள்.

திரை வந்ததும் நேராக விண்டோஸுக்குப் போகாதீர்கள். பயாஸில் நின்று முதலில் சாட்டா மோடைப் போனில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம் தேதி, நேரம், பூட் வரிசை. செத்த லேன் சிப் இருந்தால் அதை மறுபடி அணையுங்கள். கடைசியாகச் சீரியல் போர்ட். காங்கேயத்து மில்லில் அந்தப் பக்கத்தின் படத்தைப் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வந்தேன். அதன்கீழே பெரியவர் பேனாவால் எழுதியிருக்கிறார்: "தராசு ஓட்டை. தொடாதே கண்ணு."